காலி பாக்கெட்டுகள்

பங்கு கேட்டுப் போன தம்பியை, "நீ குப்பை பொறுக்கத்தான்டா லாயக்கு" என்று சொல்லி ஷாம்பு கம்பெனி கேட்டுக்கு வெளியே தள்ளினார் அண்ணன். வேலையாட்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். தம்பிக்கு அந்தச் சொல் செரிக்கவே இல்லை. குப்பையையே தொழிலாக எடுத்து, பிளாஸ்டிக்கை உருக்கும் ஆலை வைத்து, அதற்கு முறையாக லைசென்சும் வாங்கினான்.

பிறகு அண்ணன் மேல் அவனே ஒரு புகாரைத் தட்டிவிட்டான். சட்டப்படி, பிளாஸ்டிக் பாக்கெட் போட்டு விற்கிறவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்றதில் ஒரு பங்கைத் திரும்பச் சேகரித்து, மறுசுழற்சி ஆலையில் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். அண்ணன் இந்தச் சட்டத்தைக் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை. அதிகாரிகள் வந்து மெஷினுக்கு சீல் வைத்தார்கள். சான்று காட்டினால்தான் திறப்போம் என்றார்கள். சுற்றுவட்டாரத்தில் லைசென்ஸ் உள்ள ஆலை தம்பியுடையது மட்டும்தான்.

அண்ணன் வேன் நிறைய பாக்கெட் சுருள்களோடு வந்து இறங்கினார். அச்சுப் பிசகியதால் கம்பெனியில் ஒதுக்கி வைத்திருந்தவை. தம்பி ஒன்றை மோந்து பார்த்தான்.

"இதுல ஷாம்பு வாசமே இல்லையேண்ணே. ஜனங்க தேய்ச்சுக் குளிச்சுட்டுத் தூக்கிப் போட்டதுதான் கணக்கு."

"அதுக்கு நான் எங்கடா போவேன்?"

"ஊரு பூரா சாக்கடையில கிடக்கு."

"சரி, ஆள் விட்டு எடுக்கறேன்."

"முதல் மூட்டை உங்க கையாலதான் வரணும். இல்லேன்னா சான்று கிடையாது."

தம்பி ஒரு காலிச் சாக்கை உதறி, வேலையாட்கள் பார்க்க, அண்ணன் கையில் கொடுத்தான்.

"பொறுக்கிட்டு வாங்க. லாயக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்றேன்."