இங்க ஒரு கையெழுத்து

குளியலறையில் இருந்த அந்தச் சோப்பு உருண்டையைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளையெல்லாம் ஈரத்தோடு பிசைந்து அவள் கணவன் உருட்டி வைத்தது. பச்சை, வெள்ளை, ரோஸ் என்று திட்டுத்திட்டாக நிறம், நடுவில் புதைந்த ஒரு முடி. இத்தனைக்கும் அவள் வேலை செய்வது ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில். ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளைத் தினமும் எண்ணிப் பிரித்துப் போடுகிறவள், ஒருநாளும் மூக்கைச் சுளித்ததில்லை. நோயாளி என்ன செய்வான், பாவம். இந்த உருண்டை நோயால் வந்ததல்ல, வீட்டுக் கடனால் வந்தது.

இருபது வருடக் கடன். அதைப் பதினோரு வருடத்தில் அடைத்துக் காட்டுகிறேன் என்று கணவன் சபதம் போட்டதற்கு ஒரே காரணம், அவன் அண்ணன் தன் கடனைப் பன்னிரண்டு வருடத்தில் அடைத்துவிட்டார் என்பதுதான். கணவன் லிஃப்ட் மெக்கானிக், சம்பளத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'மிச்சம்'. டீ குடிக்கக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பான். அடுத்தவர் காசு கொடுத்தால் வயிறு உடனே சரியாகிவிடும்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. வீட்டை அவனே வரைந்து, அதற்குள் இருநூறு கட்டம் போட்டிருந்தான். ஒவ்வொரு சம்பள நாளிலும் தவணைக்கு மேல் எவ்வளவு கட்டினானோ அதற்குத் தகுந்தாற்போல் கட்டங்களைச் சிவப்புப் பென்சிலால் நிரப்புவான். "இன்னிக்கு சமையலறை ஜன்னலை வாங்கிட்டோம்" என்று அறிவிப்பான். மகள் சின்னவளாக இருந்தபோது கைதட்டினாள். வளர்ந்த பிறகு, "ஏம்ப்பா, என் கட்டில் இருக்கிற மூலை இன்னும் பேங்கோடதுதானே? அப்ப என்னைத் திட்ட அவங்களுக்குத்தான் உரிமை" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜன்னல் வாங்கிய மாதம் வீட்டில் பழம் வாங்கவில்லை. கதவு வாங்கிய வருடம் பொரித்த எண்ணெயையே மறுபடி மறுபடி ஊற்றி, திரைச்சீலை வரைக்கும் காறல் நாற்றம் ஏறிக் கிடந்தது. அவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஒரே ஒரு சேமிப்பை மட்டும் அவனை நெருங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போய், மகளின் பிசியோதெரபி படிப்புக்கென்று அவள் போட்டு வைத்த டெபாசிட் அது. இருவர் பெயரிலும் இருந்தது. "இதுல மட்டும் கை வைக்கக் கூடாது" என்று அவள் சொன்னபோது, "சேச்சே, நான் அப்படிப்பட்டவனா?" என்றான்.

அவன் அப்படிப்பட்டவன்தான். அதற்கு வழி செய்து கொடுத்தது அவள். கடனும் இருவர் பெயரில் இருந்ததால், கூடுதலாகக் கட்டும்போதெல்லாம் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் அவள் வேலைக்குக் கிளம்புகிற நேரமாகப் பார்த்துத் தாளோடு வந்து நிற்பான். மேல்பாதியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, ஆட்காட்டி விரலால் இடத்தைக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்து" என்பான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே போட்டுவிட்டு ஓடுவாள். பதினோரு வருடத்தில் ஒரு தாளையாவது படித்திருப்பாளா என்றால், இல்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவள் வீடு திரும்பியபோது மேஜைமேல் கேக் இருந்தது. அந்த வீட்டில் கேக்! அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கணவன் தேய்த்த சட்டையில் நின்றான்.

"முடிஞ்சுது! இனிமே பேங்குக்கு ஒரு பைசா பாக்கியில்ல!"

"என்னையே முந்திட்டானே" என்றார் அண்ணன், கசப்பை மறைத்துக்கொண்டு.

அவள் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். படம் முழுக்கச் சிவப்பு. நேற்று வரைக்கும் இருபத்திரண்டு கட்டம் வெள்ளையாக இருந்தது. எண்ணுவதுதான் அவள் தொழில்.

"ஏதுங்க அவ்வளவு பணம்?"

"ஏற்பாடு பண்ணேன்."

"அதான், எங்கேர்ந்து?"

கத்தியில் ஒட்டியிருந்த க்ரீமை நக்கிவிட்டுச் சொன்னான். "டெபாசிட்டை உடைச்சேன். சும்மாதானே கிடந்தது? நீயும்தானே கையெழுத்து போட்ட."

மகள் தட்டோடு நின்றாள். வரும் வெள்ளிக்கிழமை கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள். தொடாத கேக்கை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

"எதுக்கு மூஞ்சியத் தூக்கறா? அவ பேர்ல லோன் போட்டுக்கலாம். படிச்சு முடிச்சு அவளே அடைக்கட்டும். பொறுப்பு வரும்" என்றான் அவன். பல்லிடுக்கில் வெள்ளையாக க்ரீம்.

இவனோடா இத்தனை வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று இருந்தது அவளுக்கு. குளியலறைக்கு ஓடினாள். கை கழுவ அந்த உருண்டையைத் தவிர வேறு சோப்பு இல்லை. கையில் எடுத்து, முதல்முறையாக அதை உற்றுப் பார்த்தாள். நடுவில் இருந்த முடி நீளமாக, பாதி நரைத்திருந்தது. அவளுடைய முடி. குமட்டல் இப்போது தன்மேலேயே வந்தது. செருப்பு மாட்டுகிற அவசரத்தில் பெண்ணின் படிப்பைத் தூக்கிக் கொடுத்தவள் அவள்தானே. உருண்டையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, வெறும் தண்ணீரில் கையைத் தேய்தேய் என்று தேய்த்தாள்.

திங்கட்கிழமை மூவரும் வங்கியில் இருந்தார்கள். கடன் பிரிவில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி சொன்னாள். "படிப்புக் கடன் பன்னிரண்டு சதவீதம்."

"நாங்க அடைச்ச வீட்டுக் கடன் எவ்வளவும்மா?" என்று கேட்டாள் அவள்.

"ஏழு."

"டெபாசிட்டுக்கு?"

"பழைய டெபாசிட் மேடம், எட்டு வந்துட்டிருந்தது. பாதியில எடுத்ததால அபராதமும் பிடிச்சிருக்கோம். சார்கிட்ட எல்லாத்தையும் சொன்னோம். பதினோரு வருஷம் தாண்டறதுக்குள்ள, இந்த வாரமே முடிஞ்சாகணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு."

அதற்குள் கணவன் படிவத்தை மகள் பக்கம் தள்ளியிருந்தான். மேல்பாதியில் உள்ளங்கை, கீழே விரல். "இங்க ஒரு கையெழுத்து, கண்ணு."

மகள் பேனாவைத் திறந்தாள். கணவனின் அந்தக் கையை அவள் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தாள், அழுக்கு விரிப்பைத் தூக்கி வைப்பதுபோல. படிவத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தாள். பின்னால் வரிசை நீண்டது. யாரோ செருமினார்கள். செருமட்டும் என்று கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"இதுல கடனாளி என் பொண்ணு. அது வேண்டாம். வேற என்ன வழி இருக்கு?"

"வீட்டை அடமானம் வெச்சா ஒன்பதுக்குக் கிடைக்கும். அதுமேல இப்ப கடன் எதுவும் இல்லையே. பத்திரத்தையும் நீங்க இன்னும் வாங்கிட்டுப் போகல, எங்க லாக்கர்லதான் இருக்கு. வியாழக்கிழமைக்குள்ள பணம் வந்துடும்."

"வீடா!" கணவன் எழுந்தேவிட்டான். "முடிச்சு மூணு நாள்கூட ஆகலடி! அண்ணன் என்ன நினைப்பாரு?"

"உக்காருங்க" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "வீட்டுல பாதி என் பேர்ல இருக்கு. கையெழுத்து போடுங்க, இல்லாட்டி என் பாதியப் பிரிச்சுக் குடுங்க, நான் வித்துக்கறேன். சமையலறை ஜன்னலும் கதவும் என் பக்கம் வர்ற மாதிரி."

அவன் உட்கார்ந்தான். புதிய படிவம் வந்தது. அதையும் அவள் முழுக்கப் படித்தாள். தன் இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு தாளை அவன் பக்கம் திருப்பி, மேல்பாதியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு விரலால் இடத்தைக் காட்டினாள்.

"இங்க ஒரு கையெழுத்து."

"கையை எடு. என்ன போட்டிருக்குன்னு நான் படிக்க வேண்டாமா?"

அவள் கையை எடுக்கவில்லை.