ஒரு இஞ்சு பிளக்

1

இந்தக் கதை என் வீட்டுக் குளியலறையில் பிறந்தது. போன மாசியில், பொருந்தாத பிளக்கைக் குழாய்முனையில் முறுக்கித் திணித்து, அரை மணியில் கூடம்வரை தண்ணீர் விட்டவன் நான். நனைந்த பாயை வெயிலில் போட்டபோது, இதே காரியத்தை ஒழுங்காகச் செய்த ஒருத்தியை எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது. அவள் பெயர் இருதயமேரி. வருஷம் 1958. இடம், ஸ்ரீரங்கத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. (தேடிப் போகாதீர்கள், அதைக் கட்டியவன் நான்தான்.)

முதல் வரியை இப்படித்தான் தொடங்கினேன்:

காவிரி கரைபுரண்டு ஓடிய அந்தக் காலையில் இருதயமேரியின் மனத்திலும்—

வேண்டாம். அவள் மனத்தில் அன்றைக்கு இருந்தது ஒரு இஞ்சு பிளக்.

2

இருதயமேரி அங்கே ஸ்டோர் கிளார்க். பாலக்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வயது முப்பத்தெட்டு. பஞ்சிலிருந்து பினாயில்வரை அவள் வாங்கித்தான் உள்ளே வர வேண்டும். அந்த மாதம் புதிய மாடிக்குத் தண்ணீர்க் குழாய் போட்டிருந்தார்கள். பின்னால் கட்டப்போகும் அறைகளுக்காக ஐந்து முனைகளை நீட்டி விட்டிருந்தார்கள். தண்ணீரைத் திறப்பதற்கு முன்னால் ஐந்தையும் அடைக்க வேண்டும்.

[இங்கே ஒரு விளக்கம். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். குழாயின் வெளிப்புறத்தில் மரை, அதாவது திருகுப் பல், இருந்தால் மேலே மூடி போட வேண்டும். மரை உள்ளே இருந்தால் பிளக்கைத் திருகி இறக்க வேண்டும். இது தெரியாமல்தான் என் பாய் நனைந்தது.]

நான்கு முனைகளுக்கு மூடி சரியாக உட்கார்ந்துவிட்டது. ஐந்தாவதில், உள்மரை சாக்கெட்டில், பிளக் இரண்டு சுற்றோடு நின்றுகொண்டது. மறுநாள் காலை மாடித் திறப்பு விழா. ஆயா மாரியாயி, கிணற்றிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது குடம் மாடிக்குச் சுமக்கிறவள், காலையிலிருந்து மூன்று தடவை வந்து கேட்டுவிட்டாள்: "நாளைக்கு நிசமாவே தண்ணி வந்துருமாம்மா?"

பிளக்கை வாங்கியவள் இருதயமேரி. ஒரு இஞ்சு என்றால் ஒரு இஞ்சுதானே என்று கேட்டு வாங்கியிருந்தாள்.

3

"ரெண்டு சுத்து போயிருச்சும்மா. சணலை இன்னும் கொஞ்சம் சுத்தி ரெஞ்சு போட்டா உக்காந்துக்கும்" என்றார் குழாய் போட்ட பிட்டர் ஆண்டி.

"மத்த மூடியெல்லாம் கையாலேயே நாலு சுத்து போச்சேண்ணே. இது மட்டும் ஏன் நிக்குது?"

"இரும்பு இல்லையா. முரண்டு பிடிக்கும்."

"முறுக்கி மரை போயிட்டா?"

ஆண்டி கையிலிருந்த ரெஞ்சைப் பார்த்தார்.

(முதல் வரைவில் இந்த இடத்தில் அவரைக் கத்த வைத்திருந்தேன். 'பொம்பளைக்கு என்ன தெரியும்' என்று ஒரு வசனம்கூட எழுதினேன். எழுதும்போதே பிடிக்கவில்லை. நூறடிக் குழாயை மட்டம் பிசகாமல் போட்ட மனிதர். அவருக்கும் நாளைய திறப்பை நினைத்துப் பயம்தான்.)

"போயிட்டா சாக்கெட்டையே அறுத்து எடுக்கணும். சுவத்தை உடைக்கணும்" என்றார் மெதுவாக. ரெஞ்சைத் தரையில் வைத்தார். "கடையில கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் தொடலை."

இருதயமேரி ஒரு துணி சோப்புக் கட்டியை நனைத்து உருட்டி, சாக்கெட்டுக்குள் அழுத்தினாள். பிறகு பதமாகத் திருகித் திருகி வெளியே எடுத்தாள். மரை அப்படியே சோப்பில் ஏறியிருந்தது. சோப்பையும் பிளக்கையும் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

4

பிளக்கை வாங்கிய இடம், பெரிய கடைவீதியில் ஜெகபர் சாதிக்கின் இரும்புச் சாமான் கடை. சோப்பைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். "எத்தனையோ பேர் வாங்கிட்டுப் போறாங்க. இப்படி அச்சு எடுத்துட்டு வந்தவங்க நீங்கதாம்மா."

பிளக்கை சோப்போடு பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்தார். முதல் பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. கடைசிப் பல்லுக்கு வரும்போது இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

"இஞ்சு தப்பில்லை தங்கச்சி. பல்லுதான் வேற. நம்ம பைப்புக்கு இஞ்சுக்குப் பதினோரு பல்லு. இந்த அச்சுல பதினொண்ணரை. சண்டைக்காலத்துல வந்த அமெரிக்கா சாமான் இது. மிலிடரி ஏலத்துச் சாக்கெட் ஒண்ணு உங்க லைன்ல கலந்திருக்கு."

"அப்போ நான் கேட்டது தப்பில்லையா பாய்?"

"உங்க தப்புமில்லை, என் தப்புமில்லை. அரைப் பல்லோட தப்பு."

இருதயமேரி அப்போதுதான் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஏலச் சாமான் சாக்கை அவர் தரையில் கவிழ்த்தார். அதே பதினொன்றரைப் பல்லில் மூன்று பிளக்குகள் கிடைத்தன. ஒன்றில் முதல் மரை சிதைந்திருந்தது. இன்னொன்று பித்தளை, பளபளவென்றிருந்தது.

"இதை எடுத்துக்கங்களேன்."

"ஐயோ வேணாம் பாய். இவ்வளவு அழகா இருந்தா யாராவது கழட்டிட்டுப் போயிடுவாங்க."

மூன்றாவது கறுப்பு இரும்பு. நகத்தால் பல் பல்லாகத் தடவிப் பார்த்து அதையே எடுத்தாள்.

5

அன்று மாலை, மாடியில், புது பிளக் கையாலேயே நாலு சுற்று போயிற்று. சணல் சுற்றி, பெயின்ட் தடவி, ஆண்டி ரெஞ்சால் இன்னும் ஒன்றரை முறுக்கினார். போதும் என்று அவரே நிறுத்திக்கொண்டார். வால்வைத் திறந்தார்கள்.

சொட்டவில்லை.

என் கஷ்டம் இங்கேதான். சொட்டாத பிளக்கை வைத்து என்ன முடிவு எழுதுவது? மூன்று முயன்றேன். குழாய் வெடித்து, ஆண்டி உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு— அடித்துவிட்டேன். பெரிய டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் இருதயமேரியைப் பாராட்டி— அவள் கூச்சப்படுவாள், அதையும் அடித்தேன். மாரியாயி மாடிக் குழாயின் கீழே கால்களை நீட்டி, கழுவிய காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். மூடு என்று யாரும் சொல்லவில்லை. இதை மட்டும் விட்டுவைக்கிறேன்.

"ஒரு மணி நேரம் பாத்துட்டுத்தான் நான் சுவத்தைப் பூசச் சொல்லுவேன்" என்றார் ஆண்டி.

"நானும் இருக்கேன்" என்றாள் இருதயமேரி.

இரண்டு வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் தரை காய்ந்து கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆண்டி எதையோ சொன்னார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நாலு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. நீங்கள் ஆண்டியைப் பார்த்துவிட்டீர்கள், இருதயமேரியையும் தெரியும். இன்னும் முக்கால் மணி பாக்கி இருக்கிறது. மூன்றாவது வாளி ஒன்று மூலையில் கிடக்கிறது, இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.