மூன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

"ரம்பத்தை நிறுத்துங்க மாமா."

மூன்றாவது முறையாகக் கத்தினாள். மேலே இரைச்சல் அடங்கியது. இருபத்தைந்து அடி உயரத்தில், இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு மஞ்சள் ஹெல்மெட் குனிந்து பார்த்தது.

"என்ன டாக்டரம்மா, நோயாளிக்குத் தூக்கம் கெடுதா?"

அவர் அவளுடைய அக்கா கணவர். இருபது வருடமாக மரம் ஏறுகிறவர். அவளுக்கு வேலை வேறு. மரத்தைத் துளைக்காமல், அறுக்காமல், சத்தத்தை மட்டும் வைத்து உள்ளே அழுகல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது. அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாமா ஏறலாம். மூன்று வருடமாக அப்படித்தான் நடக்கிறது. மூன்று வருடமாக அவள் பெயர் டாக்டரம்மா.

"இப்ப ஏதோ சொன்னீங்களே, கவட்டையில தண்ணி கசியுதுன்னு. இன்னொரு தடவை சொல்லுங்க."

"கவட்டையில பட்டை உள்ளுக்குள்ள மடிஞ்சு கிடக்கு. கோடு போட்ட மாதிரி ஈரம். ஏறும்போது பூட்ஸ் வழுக்குச்சு. அதுக்கு ஒரு மருந்து எழுதிக் குடேன்."

வெட்டிய கிளைகளைக் கயிற்றில் கட்டி இறக்கும் பெரியவர் கீழே நின்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அது நான்கு பக்கமும் நான்கு மாடிக் குடியிருப்பு சூழ்ந்த முற்றம். நடுவில் மரம். வெளியே போக ஒரே வழி, மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிள் நுழையும் அகலத்தில் ஒரு நடை. கூண்டு வைத்துத் தூக்கும் வண்டி உள்ளே வராது என்பதால்தான் ஆள் ஏற வேண்டியதாயிற்று. மரம் பத்தடி உயரத்தில் இரண்டாகக் கவட்டையிட்டு, ஒரு தண்டு மாடிப்படிப் பக்கமும் இன்னொன்று எதிர்ச் சுவர்ப் பக்கமும் சாய்ந்து நின்றது. சுவர்ப் பக்கத் தண்டின் பெரிய கிளைகளை மாமா மதியத்துக்குள் கழித்துவிட்டார். இப்போது மாடிப்படிப் பக்கத் தண்டில் இருந்தார். அது பாரம் குறையாத தண்டு. அவர் இடுப்பைத் தாங்கும் சிவப்புக் கயிறும் அதிலேதான் கட்டியிருந்தது.

காலையில் அவள் முழங்கால் உயரத்தில் மரத்தைச் சோதித்திருந்தாள். கருவியின் திரையில் படம் முழுக்கப் பழுப்பு. அதாவது நல்ல மரம். கவட்டை உள்ள மரமென்றால் கவட்டைக்குக் கீழேயும் ஒரு முறை பார்க்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஏணி வண்டியில் இருந்தது. வண்டி இரண்டு தெரு தள்ளி நின்றது. அடியே இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது மேலே என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். படிவத்தில் 'ஏறலாம்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"கால் மணி நேரம் அசையாம இருங்க மாமா. ரம்பம் வேண்டாம்."

"உங்க அக்கா பேச்சைக் கேட்டே அசையாம இருந்து பழகினவன் நான். பார்த்து முடி."

இரண்டு தெரு ஓடிப்போய் ஏணியைத் தூக்கிவந்தாள். அதைச் சுவர்ப் பக்கமாகச் சாய்த்து, கவட்டைக்கு ஒரு முழம் கீழே மரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு ஆணிகள் அடித்தாள். பட்டையைத் தாண்டி மரத்தைத் தொடுகிற அளவுக்கு மட்டும். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சென்சார். சின்னச் சுத்தியால் ஒன்றைத் தட்டினால் அந்தச் சத்தம் மற்ற பதினொன்றுக்கும் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்கிறது என்று கருவி கணக்கெடுக்கும். நல்ல மரத்தில் சத்தம் நேராக ஓடும். கெட்ட மரத்தில் தாமதிக்கும். தாமதிக்கிற இடமெல்லாம் திரையில் நீலமாக வரும்.

பன்னிரண்டையும் தட்டி முடித்தாள்.

மரத்தின் குறுக்கே, மூன்றாம் சென்சாருக்கும் ஒன்பதாம் சென்சாருக்கும் நடுவே ஒரு நீலப் பட்டை. மாடிப்படிப் பக்கத் தண்டு ஒரு புறம், சுவர்ப் பக்கத் தண்டு மறு புறம். நடுவில் யாரோ மை ஊற்றியதுபோல.

அவள் மேலாளருக்குப் போன் செய்தாள்.

"நீலமா? காலையில பழுப்புன்னு அனுப்பியிருக்கே."

"அது அடியில சார். இது கவட்டைக்குக் கீழ."

"கவட்டைக்குக் கீழ இப்பதான் பார்க்கிறியா?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்புறம் கேட்பார்.

"சரி. அழுகலா இருந்தா உடனே ஒண்ணும் ஆகாது. அதைச் சுத்தி நல்ல மரம் இருந்தா தாங்கும். ஆளை அதே கயித்துல நிதானமா இறக்கு. படத்தை அனுப்பு."

அழுகலாக இருந்தால். அந்த வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. வெடிப்பு இருந்தாலும் படம் இதே மாதிரிதான் வரும். சத்தத்தால் வெடிப்பைத் தாண்ட முடியாது, சுற்றிக்கொண்டுதான் போகும். படத்தை எவ்வளவு நேரம் முறைத்தாலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அழுகல் ஒரு வருடத்தில் ஒரு விரற்கடை நகர்ந்தால் அதிகம். பத்து நிமிடத்தில் நகராது.

மூன்றைத் தட்டினாள். சத்தம் ஒன்பதுக்குப் போய்ச் சேர எத்தனை மைக்ரோ செகண்ட் என்று பார்த்தாள். படம் எடுத்தபோது ஆயிரத்துப் பத்து. இப்போது ஆயிரத்து அறுபது.

சுத்தி சரியாகப் படவில்லையோ என்று மறுபடி தட்டினாள். ஆயிரத்து அறுபத்தைந்து.

சத்தம் சுற்றிக்கொண்டு போகிற வழி நீண்டுகொண்டே இருந்தது. அதாவது வெடிப்பு வளர்ந்துகொண்டிருந்தது. மாமா வெடிப்பின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து, எண்பது கிலோவையும் ஒரு ரம்பத்தையும் அதிலே தொங்கவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"காலை ஆட்டாதீங்க."

அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். கால் நின்றது.

"மாமா, நீங்க இருக்கிற தண்டு பிளக்குது. நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே பிளக்குது."

பெரியவர் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அப்ப ஏன் நிக்கணும்? மேஸ்திரி, சர்ருனு வழுக்கிட்டு வாங்க. அரை நிமிஷ வேலை."

"வேண்டாம். வழுக்குற வேகத்துல தண்டைத்தான் இழுப்பாரு. பாதியில அது விழுந்தா எங்க விழும்? அவர் இறங்குற இடத்துலதான்."

"தண்டைக் கட்டிப் பிடிச்சே இறங்கட்டும்."

"இறங்கி எங்க வருவாரு? கவட்டைக்குத்தான். வெடிப்பே அங்கதான் இருக்கு."

பெரியவர் நடையைப் பார்த்தார். நடைக்கு நேர் மேலே அந்தத் தண்டுதான் சாய்ந்து நின்றது. வெளியே ஓடவும் அதன் கீழேதான் ஓட வேண்டும். அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

முற்றத்தின் மூலையில் கடை வைத்திருந்த தையல்காரர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "மேடம், ஒரு நிமிஷம் வெளிய போய் நூல் வாங்கிட்டு வந்துடறேன். நாளைக்கு டெலிவரி."

"உள்ள போங்க."

"ரெண்டே ரெண்டு உருண்டைதான்."

"உங்க கடைக் கதவைத் திறந்து வைங்க. நாங்களே அங்கதான் வரப் போறோம். மாடியில யாரும் படியில இறங்கக் கூடாதுன்னு சத்தம் போட்டுச் சொல்லுங்க."

தையல்காரர் மேலே பார்த்தார். பிறகு நூலைப் பற்றிப் பேசவில்லை. அவர் குரல் மாடி மாடியாக ஏறியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. நான்கு சுவர்களுக்கு நடுவே திடீரென்று அமைதி. அந்த அமைதியில் மரத்துக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கருவி இல்லாமலே கேட்டது.

"டாக்டரம்மா." மாமாவின் குரலில் கிண்டல் போயிருந்தது. "என்ன பண்ணணும்னு சொல்லு."

"இடுப்புல இருக்கிற வெள்ளைக் கயித்தை எதிர்த் தண்டுல போடுங்க. கழிச்சுவிட்ட தண்டுல. அந்தப் பக்கம் ஊஞ்சல் மாதிரி ஆடிப் போயிடுங்க."

"அது மட்டும் நிக்கும்னு எப்படிச் சொல்ற?"

"அடியில நல்லா இருக்கு. காலையில பார்த்தேன்."

"காலையில நல்லா இருக்குன்னு சொல்லித்தானே என்னை இதுல ஏத்தினே."

ஏணியில் நின்றபடி, காலையில் பார்த்த பழுப்பு நிறத்தை மறுபடி நினைத்துப் பார்த்தாள். அந்தப் படத்தில் பிழை இல்லை. அதை வைத்துக் கையெழுத்துப் போட்டதில்தான் பிழை. இதை மரத்தின் மேலே தொங்குகிற ஒருவருக்கு எப்படி விளக்குவது?

"அது நிக்கும் மாமா. போடுங்க."

அவர் வெள்ளைக் கயிற்றின் நுனியில் மணல் பையைக் கட்டி வீசினார். பை எதிர்த் தண்டைத் தொட்டுக் கீழே விழுந்தது. வீசிய ஆட்டத்தில் தண்டு முனகியது. அவள் தட்டினாள். ஆயிரத்து நூற்றிருபது.

"கையை மட்டும் வீசுங்க. உடம்பை ஆட்டாதீங்க."

"நீயே வந்து வீசிக்காட்டு."

இரண்டாவது வீச்சு ஒரு சின்னக் கிளையில் மாட்டியது. அவர் அதை உருவி எடுப்பதற்குள் அவள் மூன்று முறை தட்டிவிட்டாள். ஒவ்வொரு முறையும் எண் ஏறியது. அவள் எண்ணை வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டாள். மூன்றாவது வீச்சில் பை எதிர்த் தண்டின் உயரமான பிரிவைத் தாண்டி விழுந்தது. பெரியவர் அதை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். மாமா தன் பக்க நுனியை இடுப்பு வளையத்தில் பூட்டினார்.

"இப்ப சிவப்பை அவிழ்த்துடுங்க."

"என்னது?"

"சிவப்புக் கயிறு. அவிழ்த்துட்டுத்தான் தாண்டணும்."

"உனக்கு வேலை தெரியுமா, தெரியாதா?" இம்முறை நிஜமான கோபம். "ரெண்டு கயித்துல தாண்டுறதுதான் முறை. அந்தப் பக்கம் போய், கால் ஊனி, உட்கார்ந்த பிறகுதான் முதல் கயித்துல கை வைக்கணும். இருபது வருஷமா நான் உயிரோட இருக்கிறதே அதனாலதான்."

"ஒரே மரம்னா அது முறை. இது ரெண்டு மரம் மாமா. இது அந்தப் பக்கம் விழும், அது இந்தப் பக்கம் நிக்கும். நடுவுல ரெண்டுலயும் கட்டிக்கிட்டு நீங்க."

கீழே பெரியவர் தலையை மெல்ல ஆட்டினார். அவள் சொன்னதை அவர் மனதில் வரைந்து பார்த்துவிட்டார்.

"மேஸ்திரி, பாப்பா சொல்றதைக் கேளுங்க."

"நீங்களுமா?"

"எனக்கு உங்களைத் துண்டாக் கொண்டுபோய் வீட்ல குடுக்கிற தெம்பு இல்ல."

மேலே இலைகளுக்குள் கை அசைந்தது. கொக்கி திறக்கிற சத்தம் கேட்டது.

"விட்டுட்டேன். போறேன்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். வெயில் கண்ணில் குத்தியது. கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவர் இடுப்பின் இடப் பக்கத்தில் சிவப்பு தெரிந்தது.

"மாமா, விடல நீங்க."

அவர் கை இடுப்பிலேயே இருந்தது.

"கொக்கியைத் திறந்து மறுபடி பூட்டிட்டீங்க. தெரியுது."

"கை விட மாட்டேங்குதுடி." மெல்லச் சொன்னார். ஒருபோதும் அவளை அப்படி 'டி' போட்டு அழைத்ததில்லை. "கண்ணை மூடிக்கிட்டாலும் கை தானா பூட்டுது."

அவள் அவர் இடுப்பைக் கூர்ந்து பார்த்தாள்.

"உங்ககிட்ட கத்தி இருக்கா?"

"இடுப்புல இருக்கு."

"கொக்கி கிடக்கட்டும். கத்தியால கயித்தை அறுங்க. கயிறு அறுக்க உங்க கைக்குப் பழக்கம்தானே."

அது எங்கிருந்து தோன்றியது என்று அவளுக்கே தெரியாது. மூன்றைக் கடைசியாகத் தட்டினாள். ஒன்பதில் எண்ணே வரவில்லை. சத்தம் போய்ச் சேரவே இல்லை.

"அறுங்க."

பெரியவர் அவள் இடுப்பைப் பிடித்து ஏணியிலிருந்து இழுத்தார். கருவி மரத்திலேயே தொங்கியது. மேலே வெயிலில் கத்தி ஒரு தடவை மின்னியது. மஞ்சள் ஹெல்மெட்டோடு மாமா காற்றில் குறுக்கே பறந்து, எதிர்த் தண்டில் 'தொம்' என்று மோதியது.

அவர் விட்டுவிட்ட தண்டு மேல்நோக்கி ஓர் உதறு உதறியது. பிறகு, துணி கிழிகிற மாதிரி நீளமான ஒரு சத்தத்தோடு சாய ஆரம்பித்தது. மாடிப்படியின் கைப்பிடிச் சுவரை உடைத்து, இலையும் கிளையுமாக நடையின் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அறுந்த சிவப்புக் கயிறு அதன் பின்னாலேயே விருட்டென்று இழுபட்டு, மாமா ஒரு கணம் முன்பு இருந்த இடத்தைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் அறைந்தது.

எதிர்த் தண்டு நின்றது.

மாமா வெள்ளைக் கயிற்றில் இறங்க வெகுநேரம் பிடித்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. பெரியவர் அவரைத் தாங்கித் தையல்காரரின் கடைக்குள் கொண்டுவந்து, வெட்டாத துணிக்கட்டின் மேல் உட்கார வைத்தார். கடைக்கு முற்றத்துப் பக்கம் மட்டும்தான் கதவு. வெளியே போகிற வழி தழைக்குள் மறைந்திருந்தது. தீயணைப்புக்காரர்கள் அந்தப் பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று போனில் சொன்னார்கள். அதுவரை மாடிகளில் இருந்தவர்கள் மாடிகளில், இவர்கள் நால்வரும் ஒரு மின்விசிறியின் கீழே.

தையல்காரர் தண்ணீர் கொடுத்தார். மாமா பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"காலையில கவட்டைக்குக் கீழ பார்த்தியா?"

பெரியவர் சட்டென்று வெளியே பார்த்தார். தையல்காரர் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். போக வேறு அறை இருந்திருந்தால் இருவரும் போயிருப்பார்கள். அவளும் போயிருப்பாள்.

"இல்ல."

"ஏன்?"

"ஏணி வண்டியில இருந்துச்சு."

"வண்டி எங்க இருந்துச்சு?"

"ரெண்டு தெரு தள்ளி."

மாமா தலையசைத்தார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடித்திருக்கலாம். டாக்டரம்மா என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். மின்விசிறி சுற்றியது. மேலாளரிடமிருந்து இரண்டு அழைப்புகள் வந்து நின்றன. அவள் எடுக்கவில்லை.

மாமாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. வலது கையால் அதை எடுத்துப் பார்த்தார். அக்கா. தண்டு விழுந்த செய்தி அதற்குள் யார் மூலமோ போயிருந்தது.

அவர் எடுக்கவில்லை. போனை அவளிடம் நீட்டினார்.

"நானா?"

"நான் சொன்னா உன்னைக் காப்பாத்தித்தான் சொல்லுவேன். அப்புறம் நாளைக்கு நீ சொல்லி நான் எப்படி ஏறுறது?"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"அக்கா, மாமா நல்லா இருக்காரு. தோள்ல மட்டும் அடி." ஒரு முறை மூச்சு வாங்கினாள். "காலையில நடந்ததுல இருந்து சொல்றேன். நடுவுல பேசாம கேளு."