தேங்காய்ப்பால் மட்டும்தான்

சுஷ்மிதா அயர்லாந்துக்குப் போகப்போகும் செய்தி ருக்சாருக்கு நேராக வரவில்லை. பள்ளித் தோழிகளின் வாட்ஸப் குழுவில் யாரோ வாழ்த்துச் சொல்ல, அதற்குச் சுஷ்மிதா ஒரு பூப்படம் போட்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். ஒரு காலத்தில் லேசாகச் சளி பிடித்தால்கூட முதலில் ருக்சாரிடம் சொல்கிறவள், கார்க் என்ற ஊரில் வேலை கிடைத்ததை எல்லாரோடும் சேர்த்து ஒரு பூவோடு முடித்துக்கொண்டாள்.

கோபித்துக்கொள்ள ருக்சாருக்கு வாயில்லை. தப்பு அவளுடையது.

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளன்று நடந்தது. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் சுஷ்மிதா, அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு முட்டைப் பண்ணைக்குப் போய்வந்து, இறைச்சி, பால், முட்டை எல்லாவற்றையும் விட்டிருந்தாள். அங்கே கண்டதை ருக்சாரிடம் மட்டும்தான் சொன்னாள். செம்பவாங் கடற்கரையில் உட்கார்ந்து, அழாமல், விரலால் மணலைக் கிளறிக்கொண்டே சொன்னாள். ருக்சார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஆனாலும் இதெல்லாம் கொஞ்ச நாளில் போய்விடும் என்றுதான் மனசுக்குள் நினைத்தாள்.

பெருநாளன்று ருக்சாரின் உம்மா முனீரா, சுஷ்மிதாவுக்கென்றே வட்டலப்பம் என்ற இனிப்பை அவித்து வைத்திருந்தார். கறி இல்லை, மீன் இல்லை. உம்மாவைப் பொறுத்தவரை அது சைவம். தட்டு முன்னால் வந்ததும் சுஷ்மிதா கண்ணாலேயே கேட்டாள். உம்மா வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார். ருக்சார் சட்டென்று சொல்லிவிட்டாள்.

"தேங்காய்ப்பால்தான்டி. வேற ஒண்ணுமில்ல."

தேங்காய்ப்பால் இருந்தது உண்மை. அதோடு சேர்த்து அடித்திருந்த முட்டையைத்தான் சொல்லவில்லை. உம்மாவின் முகம் வாடக் கூடாது என்பது ஒரு காரணம். ஒரு துண்டில் என்ன ஆகிவிடப்போகிறது என்ற அலட்சியம் இன்னொன்று. யோசித்துப் பார்த்தால் அதுதான் பெரிய காரணம்.

சுஷ்மிதாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பிடித்ததே வினையாகவும் ஆனது. சில வாரம் கழித்துத் தன் அம்மாவுக்குச் செய்துகொடுக்க ஆசைப்பட்டு, உம்மாவையே ஃபோனில் அழைத்துச் செய்முறை கேட்டாள். உம்மா பெருமையோடு சொல்லிக்கொடுத்தார். முட்டையை நுரை பொங்காமல் அடிப்பதிலிருந்து ஆரம்பித்தார்.

சுஷ்மிதா சண்டை போடவில்லை. ருக்சார் விழுந்து விழுந்து அனுப்பிய மன்னிப்புகளுக்கு "பரவால்ல லா" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ருக்சார் கையால் அவள் எதையும் சாப்பிடவில்லை. எப்போதாவது சந்தித்தால் தண்ணீர் பாட்டிலும் அவளுடையது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்பாள். உம்மாவுக்கு இதில் எதுவுமே தெரியாது.

போவதற்குள் ஒரு வாய். தான் செய்ததை அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும் என்று இருந்தது ருக்சாருக்கு. ஈசூனில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். மறுநாள்தான் "சரி" என்று பதில் வந்தது.

எங்கே போகிறாளோ அந்த ஊர்ப் பண்டத்தையே செய்யலாம் என்று தேடியபோது கிடைத்தது பாக்ஸ்டி. அயர்லாந்துக்காரர்களின் உருளைக்கிழங்கு அடை. பாதிக் கிழங்கைப் பச்சையாகத் துருவி, பாதியை வேகவைத்து மசித்து, மாவும் மோரும் சேர்த்துக் கல்லில் ஊற்றுவார்களாம். அந்த ஊர் மழையையும் ஈரமான கல் சுவர்களையும், அதற்கு நடுவில் அடுப்பருகே ஒருத்தி கிழங்கு துருவிக்கொண்டிருப்பதையும் ருக்சார் கற்பனை செய்து பார்த்தாள். அந்த ஊர் அடுப்படி ஒன்றில் சுஷ்மிதா என்றைக்காவது இதைச் சாப்பிடும்போது, முதலில் ஈசூனில் சாப்பிட்டதை நினைத்துக்கொள்வாள். அப்படித்தான் அவள் நினைப்பு ஓடியது.

சனிக்கிழமை காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போனாள். கிழங்கும் முந்திரியும் வெங்காயத்தாளும் வாங்கினாள். தேங்காய்ப்பாலை டப்பாவில் வாங்காமல், கண்முன்னே பிழிந்து தரச் சொன்னாள். வரும் வழியில் ஃபேரர் பார்க் பக்கத்துக் கடையொன்றில் புதுத் தோசைக்கல்லும் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

உம்மா கல்லைப் பார்த்தார்.

"ஏன், என் கல்லு என்ன பாவம் பண்ணுச்சு?"

"நேத்து அதுல ஆம்லெட் போட்டீங்கல்ல உம்மா."

"அதான் தேய்ச்சுக் கழுவியாச்சே. சைவம்னா சைவம். அதென்ன வீகனு?"

வெளிக்கடையில் சாப்பிடப் போனால் சட்டி வேறா, கரண்டி வேறா என்று கடைக்காரரைத் துளைத்தெடுப்பது யார் என்று ருக்சார் கேட்டாள். உம்மா சிரித்துவிட்டார். அப்புறம் துருவிய கிழங்கை எட்டிப் பார்த்து, இது நம் கிழங்கு வடை பெகடில்தானே, முட்டையில் முக்காமல் எப்படிப் பிடிக்கும் என்று கவலைப்பட்டார்.

பிடித்தது. துருவலைப் பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்து, வடிந்த தண்ணீரை அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு தங்கியது. அதைச் சுரண்டிச் சேர்த்ததுதான் சூட்சுமம். மோருக்குப் பதிலாகச் சோயாப் பாலில் எலுமிச்சை பிழிந்து திரியவைத்தாள். மேலே விட்டுக்கொள்ள ஒரு கெட்டியான வெள்ளைச் சாறு. ஊறவைத்த முந்திரி, பூண்டு, எலுமிச்சை, அதோடு தேங்காயின் முதல் பால் சேர்த்து, விழுதை விரலால் தொட்டால் கோடு நிற்கும்வரை அரைத்தாள். வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கித் தூவினாள். வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக அவள் எதையும் சமைத்ததில்லை.

கல்லில் அடை ஓரம் சிவந்து வரும்போது பழைய ஞாபகம் ஒன்று வந்தது. தொடக்கப்பள்ளியில் யாருடையதோ பிறந்தநாள். ருக்சார் வாய்வரை கொண்டுபோன மார்ஷ்மெல்லோவைச் சுஷ்மிதா தட்டிவிட்டாள். ஜெலட்டின் இருக்குடி, ஹலால் போடல என்றாள். அன்றிலிருந்து மிட்டாயோ பிஸ்கட்டோ எது கொடுத்தாலும், பாக்கெட்டைத் திருப்பி ஹலால் முத்திரையைத் தேடி, அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத்தான் கொடுப்பாள். அப்படிச் செய்யச் சொல்லி ருக்சார் ஒருநாளும் கேட்டதில்லை.

மதியம் சுஷ்மிதா வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். காகிதப் பையொன்றை ஷூ அலமாரி மேல் வைத்துவிட்டு, "உனக்குத்தான், அப்புறம் பாரு" என்றாள். குளிருக்கு என்ன எடுத்துப்போகிறாய், வாடகை வீடு பார்த்தாயா என்று உம்மா விசாரித்தார். அவள் சகஜமாகத்தான் பேசினாள். மேசையில் அடையைப் பார்த்ததும் அவள் முகம் நிஜமாகவே மலர்ந்தது.

"பாக்ஸ்டியா? நீயா செஞ்ச?"

ஒரு துண்டு பிய்த்தாள். வெள்ளைச் சாற்றில் தோய்த்தாள். ருக்சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து உம்மா, மகளின் கைத்திறமையைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில் வாய் திறந்தார்.

"நல்லாத் தோச்சுக்க புள்ள. திக்கான முதல் பால் ஊத்திருக்கா."

சுஷ்மிதாவின் கை நின்றது. "பால்?" என்று நிமிர்ந்தாள்.

"தேங்காய்ப்பால்தான்டி. வேற ஒண்ணுமில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் ருக்சாருக்கு உறைத்தது. அதே மேசை. அதே வார்த்தை. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

சுஷ்மிதா அவளையே பார்த்தாள். பிறகு துண்டைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்தாள்.

ருக்சார் அடுக்களைக்கு ஓடினாள். சோயாப் பால் பெட்டி, முந்திரிப் பாக்கெட், மாவுப் பை, தேங்காய்ப்பால் வாங்கிவந்த பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து மேசையில் பரப்பினாள். புதுக் கல்லையும் கொண்டுவந்தாள். அதன் அடியில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. உம்மா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுஷ்மிதா எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஒழுங்காக அடுக்கினாள்.

"நீ சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியும்டி. பார்த்தாலே தெரியுது, எவ்வளவு பாடுபட்டிருக்கேன்னு. ஆனா என்னமோ, விழுங்க முடியல. சாரி லா."

அவள் சாரி சொன்னதுதான் ருக்சாரால் தாங்க முடியாததாக இருந்தது. அவசரமாக, வேண்டாம் வேண்டாம், பிறகு சாப்பிடலாம் என்றாள். பிறகு என்று ஒன்று இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இன்னும் சிறிது நேரம் விமானத்தைப் பற்றிப் பேசினார்கள். லிஃப்ட் வாசலில் சுஷ்மிதா அவளைக் கட்டிக்கொண்டாள், நன்றாகவே கட்டிக்கொண்டாள். கதவு மூடியது.

உம்மா மேசையருகே அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்லல உம்மா." ருக்சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "போன வருஷம் நோன்புப் பெருநாளுக்கு, வட்டலப்பத்துல முட்டை இருக்குன்னு நான் அவகிட்ட சொல்லல. தேங்காய்ப்பால் மட்டும்தான்னு சொல்லிச் சாப்பிட வச்சேன்."

உம்மா திட்டவில்லை. ஆறிப்போன அடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லமா. கடல்பாசி காய்ச்சி வச்சிருப்பேனே. அதுல பாலுமில்ல முட்டையுமில்ல. எனக்கென்ன பெரிய வேலையா அது?"

அவ்வளவு சின்ன விஷயம். அடுப்படிக்குப் போய் ஒரு வார்த்தை. அன்று அது ருக்சாருக்குத் தோன்றவேயில்லை.

அடைத் தட்டை மூடி வைத்துவிட்டு, ஷூ அலமாரி மேல் இருந்த காகிதப் பையை எடுத்தாள். உள்ளே ஒரு பிஸ்கட் டப்பா. உறையில் பச்சை மலையும் ஆட்டுக்கூட்டமும். வெண்ணெய் பிஸ்கட். சுஷ்மிதா இப்போது தொடவே மாட்டாத பண்டம். ருக்சார் டப்பாவைத் திருப்பினாள். பின்பக்கம், பொடி எழுத்துகளுக்கு நடுவே, ஹலால் முத்திரையைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு வட்டம்.

அவள் மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதில் என்னென்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.