போன் செய்யாமல் வந்தவள்

லிஃப்ட் மெக்கானிக் பல வருடங்களாக உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் கயிற்றில் தொங்கி வேலை பார்த்தவர். உடம்பில் ஒரு கீறல் பட்டதில்லை. கடைசியில் சொந்த வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்து வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சீமாட்டியைப் போய்ப் பார்த்தியா?" என்றார்.

சீமாட்டி அவருடைய குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இழுத்து மூடிய சவாரிப் பள்ளி ஒன்றிலிருந்து, வேண்டாம் என்று மனைவி சொல்லச் சொல்ல வாங்கியது. ஊருக்கு வெளியே ஒரு லாயத்தில், மாதாமாதம் வாடகை கட்டிப் பலபேர் தங்கள் குதிரைகளை விட்டுவைத்திருந்தார்கள். அங்கேதான் சீமாட்டியும் இருந்தது. அந்தப் பெயரை வைத்தவள் மனைவி. கோபத்தில் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுபவள். 'எங்க வீட்டுல ரெண்டு பெண்டாட்டி, அதுல ஒருத்திக்குத்தான் முதுகு தேச்சுவிட ஆளு இருக்கு' என்று டிப்போவில் சொல்லிச் சிரிக்கவைப்பாள். குதிரையைப் பார்த்ததெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான். எவ்வளவு பெரிய வண்டியானாலும் சாவியைத் திருகினால் நின்றுவிடும், இதை எதைத் திருகி நிறுத்துவது என்பது அவள் பயம்.

ஆனால் படுக்கையில் கிடக்கும் மனிதனிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கேரட்டை உள்ளங்கையை விரித்து வைத்துக் கொடு, பின்பக்கம் போகாதே என்று அவர் சொல்லிக்கொடுத்தார். ஒன்றை மட்டும் சொல்லும் முன்னால் மருந்து மயக்கத்தில் கண் சொருகிவிட்டது. வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் லாயத்துக்குப் போன் செய்ய வேண்டும் என்பது அங்கே கட்டாய விதி. குதிரைகள் மிரளக்கூடாதாம். லாயத்தை நடத்திவந்த மேற்பார்வையாளர் போட்ட விதி அது. அவரை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்ததும் சீருடையோடு, கேரட் பையும் தண்ணீர் பாட்டிலுமாக அவள் போய் இறங்கினாள். நல்ல வெயில். இரும்புக் கேட் ஒருக்களித்திருந்தது. காவலாளி நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்புவானேன் என்று உள்ளே நடந்தாள்.

முதலில் சத்தம்தான் கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போல. தகரக் கூரையின் ஓரம் திரும்பினால், ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரையின் தலையைச் சுவரில் இருந்த வளையத்தோடு உயர இழுத்துக் கட்டியிருந்தார்கள். வேலையாள் ஒருவன் ரப்பர் குழாய்த் துண்டால் அதன் கழுத்தில் அடித்துக்கொண்டிருந்தான். கோபம்கூட இல்லாத அடி. கம்பளத்தில் தூசி தட்டுகிறவன் போல அடித்தான். இன்னொருவன் தூணில் சாய்ந்து செல்போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வெள்ளைக் குதிரை நகரவில்லை. ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மட்டும் மூடித் திறந்தது.

அவள் ஓசைப்படாமல் சுவரோரமாகவே நடந்து சீமாட்டியின் தடுப்பைக் கண்டுபிடித்தாள். அதன் தலையும் அதேபோல் கட்டப்பட்டிருந்தது, குனிய முடியாதபடி. மூலையில் தொங்கிய வாளிக்குள் சிலந்தி வலை. அடுத்த தடுப்பிலும் காய்ந்த வாளி. அதற்கடுத்ததிலும்.

கேரட்டை நீட்டினாள். சீமாட்டி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் இன்னொரு கையில் இருந்த பாட்டிலின் மேல் வழிந்த ஈரத்தை நாக்கால் தடவியது. அவள் தன் பயத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. உள்ளங்கையைக் குவித்துத் தண்ணீரை ஊற்றினாள். குதிரை உறிஞ்சியது. பாட்டில் காலியான பிறகும் கையையே நக்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே அலுவலக அறையிலிருந்து வந்தார். முகம் நிறையச் சிரிப்பு. போன் செய்யாமல் வந்துவிட்டீர்களே என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். வாளியைக் காட்டி அவள் கேட்டதற்கு, வயிற்று வலி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது, டாக்டர் உத்தரவு என்றார்.

"எல்லாக் குதிரைக்குமா வயித்து வலி?"

மாஸ்டரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "குதிரையைப் பத்தி உங்களுக்கு என்ன மேடம் தெரியும்?" என்றார்.

உண்மையிலேயே அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒருவேளை குதிரை வளர்ப்பது இப்படித்தானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது. அவள் ஓட்டும் தடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் காலையில் ஒரு வாய் குடிப்பாள், பிறகு ஷிஃப்ட் முடியும்வரை உதட்டை நனைப்பதோடு சரி. குடிக்காவிட்டால் போக வேண்டியதில்லை. அந்தத் தடுப்புகளின் தரையில் விரித்திருந்த மரத்தூள் எப்படிக் கிடந்தது என்று நினைத்துப் பார்த்தாள். பழையது, பொடிந்துபோனது, ஆனால் காய்ந்தே கிடந்தது. உயிரைப் பிடித்துவைக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் காட்டாவிட்டால் மூத்திரம் இல்லை. மூத்திரம் இல்லாவிட்டால் தூளை அள்ளி மாற்றும் வேலை இல்லை. உரிமையாளர்கள் போன் செய்தால், வருவதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்து வைக்க ஒரு மணி நேரம் தாராளம்.

அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்று அவளை ஏற்றாமலே போனது. அவள் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் சொன்னதை மெக்கானிக் நம்பவில்லை. மாஸ்டர் தங்கமான மனிதர், நான் போகும்போதெல்லாம் லாயம் கண்ணாடி போல இருக்கும் என்றார். மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தக் குதிரையைப் பிடிக்காது என்பதையும் குத்திக்காட்டினார்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. "நீங்க என்னைக்காவது சொல்லாமப் போயிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது. பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் பேசு, அந்த வெள்ளைக் குதிரை அவருடையது என்று எண்ணைத் தந்தார்.

பல் டாக்டர் பிறர் வாயைத் திறக்கவைத்தே பழகியவர், தான் அதிகம் பேசமாட்டார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். மறுநாள் இருவரும் விதிப்படி போன் செய்துவிட்டே போனார்கள். மெக்கானிக் சொன்னதில் தப்பில்லை, லாயம் கண்ணாடி போலத்தான் இருந்தது. விளிம்புவரை வாளி நிரம்பியிருந்தது. சீமாட்டி அதற்குள் விட்ட மூக்கை எடுக்கவே இல்லை. டாக்டர் தன் குதிரையின் பிடரி மயிரை மெல்ல ஒதுக்கினார். அடியில் தடித்தடியாக வீங்கிய கோடுகள். ஒரு கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு மயிரைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு, மாஸ்டரிடம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். கார்ச் சாவியை அவளிடம் நீட்டினார். அவள்தான் வண்டியை ஓட்டினாள்.

நேரே லாயத்தின் முதலாளியிடம் போனார்கள். அவருக்கு நகரத்தின் நடுவே பெரிய மரச்சாமான் கடை. லாயம் மாமனார் வழியில் வந்த சொத்து. மாஸ்டரை நம்பி ஒப்படைத்துவிட்டு, தன் பட்டறையில் சேரும் மரத்தூளை மட்டும் வாரம் தவறாமல் வேனில் ஏற்றி அனுப்பிவந்தார். இருவரும் சொன்னதைக் கேட்டு முகம் சுளித்து, மாஸ்டரையே கேட்டுவிடலாம் என்று போனை எடுக்கப் போனார்.

அவள் அந்தப் போனின் மேல் கையை வைத்தாள்.

"போன் போட்டீங்கன்னா நீங்க பாக்கப்போறது வேற லாயம் சார். இந்த ஒரு தடவை போடாம வாங்க. நான் சொன்னது பொய்யா இருந்தா எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்."

முதலாளிக்குச் சுருக்கென்றது. ஆனால் பேருந்தில் கூட்டத்தைப் பின்னால் தள்ளிப் பழகிய குரல் அது. சரி என்றார்.

அவள் வந்துபோன நாளிலிருந்து கேட்டைப் பூட்டியே வைத்திருந்தார்கள். எந்தக் கார் வந்தாலும் காவலாளி உள்ளே தகவல் சொன்ன பிறகுதான் திறப்பார். கேட்காமல் திறப்பது ஒரே வண்டிக்குத்தான், முதலாளியின் மரத்தூள் வேனுக்கு.

மறுநாள் மதியம் அந்த வேனின் பின்னால் தூள் மூட்டைகளின் மேல் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், அதே லாயத்தில் குதிரை விட்டிருந்த பேக்கரிக்காரரும் அவர் மகளும், கல்யாணப் போட்டோகிராபர் ஒருவர், இன்னும் சில குதிரைக்காரர்கள். முன்னால் முதலாளி, வெளியே தெரியாதபடி தலையைக் குனிந்துகொண்டு. ஓட்டியது அவள். கடை டிரைவரை நம்பாமல் அல்ல, தன் கை சும்மா இருக்க மாட்டாமல்தான். கேட்டின் முன்னால் ஹாரன் அடித்தபோது பின்னால் பேக்கரிக்காரருக்குத் தும்மல் வந்துவிட்டது. மகள் அவர் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். காவலாளி வேனைப் பார்த்துக் கொட்டாவி விட்டபடி கேட்டைத் திறந்துவிட்டார்.

கூரை ஓரத்தில் வேனை நிறுத்திப் பின்கதவைத் திறந்தாள். தலை முதல் கால்வரை மரத்தூளோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லாம் அன்று அவள் பார்த்தபடியே இருந்தது. உயரக் கட்டிய தலைகள், காய்ந்த வாளிகள். ஒருவன் கையில் ரப்பர் குழாய், எதிரே பேக்கரிக்காரர் மகளின் குட்டைக் குதிரை, பக்கத்தில் சிரித்தபடி இன்னொருவன். அந்தப் பெண் ஒரு சத்தமும் போடாமல் ஓடிப்போய்க் குதிரைக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். போட்டோகிராபர் காமிராவைக் கண்ணிலிருந்து இறக்கவே இல்லை. டாக்டர் நடந்துபோய்க் கையை நீட்டினார், எடுத்த பல்லை வாங்க நீட்டுவது போல. வேலையாள் குழாயை அதில் வைத்துவிட்டான்.

மாஸ்டர் பித்தான் போட்டுக்கொண்டே வந்தார். முதலாளி அவரைப் பார்க்கவில்லை. வரிசையாக ஒவ்வொரு தடுப்பாகப் போய் ஒவ்வொரு வாளிக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார். கடைசி வாளியிலிருந்து எடுத்த கையில் தூசிதான் ஒட்டியிருந்தது.

"நான் வாரா வாரம் அனுப்புற மரத்தூள் எங்கய்யா?"

அது கோழிப்பண்ணைக்கு விற்கப்பட்டது பிறகு தெரியவந்தது. அப்போது மாஸ்டர் அவளைக் கைகாட்டி, "சார், இந்தம்மாவுக்குக் குதிரையைப் பத்தி ஒண்ணுமே தெரியாது சார்" என்றார்.

"தெரியாதுதான். தாகம்னா என்னன்னு தெரியும்" என்றாள் அவள்.

முதலாளி அந்த இடத்திலேயே லாயத்துச் சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கினார். விலங்கு நலத் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் அவரே பேசினார். பிறகு நடந்த வழக்கில், மாஸ்டர் சொன்னதைத்தான் செய்தோம் என்று வேலையாட்கள் கையை விரித்தார்கள். அப்படியானால் சிரித்ததும் அவர் சொல்லித்தானா என்று, போட்டோ ஒன்றைக் காட்டி நீதிபதி கேட்டார். மூவருக்கும் தண்டனை கிடைத்தது. மாஸ்டர் இனி எந்த விலங்கையும் வைத்துப் பராமரிக்கக் கூடாது என்றும் தீர்ப்பானது. லாயத்தின் பொறுப்பு குதிரைக்காரர்கள் கைக்கு வந்தது. பகல் முழுக்கக் கேட் திறந்திருக்கும், யாரும் எப்போதும் வரலாம்.

ஆனால் லாயத்துக்காரர்கள் இன்றைக்கும் கூடிக் கூடிப் பேசுவது தீர்ப்பைப் பற்றி அல்ல, அந்த மதியத்தைப் பற்றித்தான். ஆளுக்கொரு வாளியாகக் குழாயடிக்கு ஓடினார்கள். ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள் என்று டாக்டர் தடுப்புக்குத் தடுப்பு போய்ச் சொன்னார். அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. லாயம் முழுக்கக் குதிரைகள் உறிஞ்சும் சத்தம். முதலாளி தன் வெள்ளைச் சட்டை நனைய நனைய வாளி தூக்கினார்.

லாயத்தின் பின்னால் வேலி போட்ட பெரிய புல்வெளி ஒன்று உண்டு. தினமும் அதில் குதிரைகளை அவிழ்த்துவிடுவதாகத்தான் மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அதன் கதவுச் சங்கிலி துருவேறி இறுகிக் கிடந்தது. புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. சாவிக்கொத்தில் எந்தச் சாவியும் பூட்டுக்குள் நுழையவில்லை. ஆளாளுக்கு முயன்றுவிட்டு நின்றபோது, அவள் வேனிலிருந்து சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்துவந்து பூட்டில் கோத்துத் தன் எடை முழுவதையும் கொடுத்து ஒரு திருகு திருகினாள். பூட்டு தெறித்து விழுந்தது.

குதிரைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து விட்டார்கள். சீமாட்டியின் கயிற்றைப் பிடித்துக் கூட்டிவந்தவள் அவள்தான். அவிழ்த்துவிட்டதும் அது உடனே போகவில்லை. அவள் தோளில் ஒரு முறை மூக்கால் இடித்தது. பிறகு ஓடியது. அதன் பின்னால் குட்டைக் குதிரை, அதன் பின்னால் மற்றவை. கடைசியில் யாரும் எதிர்பார்க்காதபடி அந்தக் கிழட்டு வெள்ளைக் குதிரையும் வாலைத் தூக்கிக்கொண்டு பிடரி பறக்க ஓடியது. டாக்டர் வேலியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

அவள் கணவரை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினாள். ஆஸ்பத்திரியில் மெக்கானிக் கால் கட்டோடு தலையணையிலிருந்து எழும்பி, கண்ணைத் துடைக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். குளம்புச் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் பந்தயம் என்று நினைத்துக்கொண்டு, எந்தக் குதிரை ஜெயித்தது என்று எட்டிக் கேட்டார்.

"எல்லாந்தாங்க" என்றார் மெக்கானிக்.