இருபதாவது கேஸ்

டெல்பினுக்கு ஹம்சினியைப் பிடிக்காது. ஹம்சினி அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, அதுதான் பெரிய தொல்லை. ஏதாவது செய்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

இருவரும் மயிலாப்பூர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்றரை வருஷ நர்ஸ் பயிற்சியில் இருந்தார்கள். டெல்பின் சாந்தோம்காரி. அம்மா டீச்சர், சித்தி டீச்சர், அவளுக்கு மட்டும் கணக்கு வராததால் இங்கே வந்தாள். ஹம்சினி மாட வீதிக்குப் பின்னாலிருந்து வருகிறவள். அவள் வீட்டில் யாரும் இந்த வேலைக்கு வந்ததில்லை, ஆறு மாதம் சண்டை போட்டுவிட்டு வந்தாளாம். இந்தக் கதையைக் கேட்டு விடுதியே உருகியது. டெல்பின் சண்டை போடாமல் வந்ததை யாரும் கேட்கக்கூட இல்லை.

முதல் நாளே ட்யூட்டர் ஐரின் சிஸ்டர் ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கொண்டை வலைக்குள் அடங்கியிருக்க வேண்டும். வினாடி முள் உள்ள கடிகாரம் வேண்டும், அதையும் கையில் கட்டக்கூடாது, மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். நோயாளியைத் தொடுவதற்கு முன் உன் பெயரை அவளிடம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில், கோடு போட்டு, தன் கையால் இருபது பிரசவம் பார்த்து இருபதுக்கும் கேஸ் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியவள் மட்டுமே பரீட்சை எழுதலாம் என்று இருந்தது.

அந்தக் கையெழுத்து லேசில் கிடைக்காது. முந்தைய வருஷத்துப் பெண் ஒருத்தி வேடிக்கை பார்த்த பிரசவத்தையெல்லாம் தான் பார்த்ததாக எழுதி மாட்டிக்கொண்டாள். அதிலிருந்து சிஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போகிற நாளில் புத்தகத்தோடு கட்டிலருகே வருவார். “உனக்குப் பிரசவம் பார்த்தது யாரும்மா?” என்று கேட்பார். அந்தத் தாய் பேர் சொன்னாலோ கை காட்டினாலோதான் பேனா மூடி திறக்கும்.

யாருக்கு அடுத்த கேஸ் என்பது பிரசவ வார்டு வாசலில் தொங்கிய சிலேட்டில் இருந்தது. வரிசைப்படி வரும், நியாயமான ஏற்பாடு. அதில் மண்ணைப் போட்டது ஹம்சினியின் கைராசி.

யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. ஹம்சினி கை வைத்தால் குழந்தை வழுக்கிக்கொண்டு வந்துவிடும், தையலே வேண்டாம் என்று ஆயாம்மாக்கள் பேசிக்கொண்டார்கள். அது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார்கள் காதுக்குப் போயிற்று. அப்புறம் கேட்க வேண்டுமா? வலியோடு வருகிறவள் எல்லாம், “அந்தக் கைராசிக்கார பொண்ணு இருந்தா கூப்பிடுங்க” என்றாள். வலியில் துடிக்கிறவளிடம் சிலேட்டைக் காட்டி வாதாட முடியுமா? சிஸ்டரும், “போனால் போகிறது, ஹம்சினி வா” என்பார். அப்படி டெல்பின் முறை மூன்று தடவை பறிபோயிற்று. மூன்று வாரமாக அவள் பத்தொன்பதிலேயே நின்றாள். ஹம்சினிக்கு இருபத்தாறு.

இருபத்தாறு! தேவைக்கு மேல் ஆறு. பந்தியில் நமக்கு இலை போடாமல் பக்கத்து இலையில் மூன்றாம் தடவை பாயசம் ஊற்றினால் எப்படி இருக்கும்? டெல்பினுக்கு வயிறு பற்றி எரிந்தது. தன் கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொள்வாள். ஐந்து விரல் இருந்தது, நகமும் ஒட்ட வெட்டித்தான் இருந்தது. இந்தக் கைக்கு என்ன குறைச்சல் என்று அவளுக்கு விளங்கவில்லை.

பரீட்சை விண்ணப்பம் பதினைந்தாம் தேதி போக வேண்டும். மூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்குச் சைதாப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் சூடாமணி வந்து இறங்கினாள். இரண்டாவது பிரசவம். கூடவே மாமியார், கையில் வெந்நீர் பிளாஸ்க், வாயில் வெற்றிலை.

சிலேட்டில் முதல் பெயர் டெல்பின். ஹம்சினி மாடியில் பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். டெல்பின் தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரைப் பிடித்தாள். மாமியார் குறுக்கே நின்றாள்.

“இந்தாம்மா, இங்க கைராசிக்கார பொண்ணு ஒண்ணு கீதாமே? ஏதோ அம்சினியோ இன்னாவோ. அத்த இட்டுகினு வா. மொத பிரசவத்துல இவ செத்துப் பொழச்சவ.”

முகமூடிக்குள் டெல்பினுக்குப் பல் நறநறத்தது. நான்காவது தடவை. இதுவும் போனால் அடுத்த வருஷம்தான். ஆயாம்மா வேறு படிக்கட்டுப் பக்கம் திரும்பி, மாடியைப் பார்த்துக் கூப்பிடப் போனாள்.

“நான்தான் ஹம்சினி” என்றாள் டெல்பின்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. ஆயாம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மாமியார் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “நல்லாயிரு கண்ணு” என்று வழிவிட்டாள்.

பிரசவ அறையில் ஐரின் சிஸ்டர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். “கை”, “துணி”, “கத்தரி”, அவ்வளவுதான். டெல்பினுக்கு அது வசதியாகப் போயிற்று. தலை தெரிந்ததும் அவசரப்படாமல் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தாள். கழுத்தில் ஒரு சுற்றுக் கொடி இருந்தது. விரலை விட்டுத் தலைக்கு மேலாக எடுத்துவிட்டாள். பன்னிரண்டு இருபதுக்குப் பெண் குழந்தை, தொண்டை கிழிய அழுதது. தையல் இல்லை.

“சுத்தமான வேலை” என்றார் சிஸ்டர். ஒன்றரை வருஷத்தில் அவர் வாயிலிருந்து டெல்பின் கேட்ட முதல் பாராட்டு அது.

சிஸ்டர் கை கழுவப் போனதும், சூடாமணி வியர்வையும் கண்ணீருமாக அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “உன் கை சாமி கை, ஹம்சினியக்கா.”

பத்தொன்பது பிரசவத்தில் யாரும் டெல்பினிடம் அப்படிச் சொன்னதில்லை. இப்போது சொன்னதும் ஹம்சினியின் கணக்கில் போய் விழுந்தது.

அன்று சாயங்காலம் டெல்பினுக்குச் சிஸ்டரின் கேள்வி ஞாபகம் வந்தது. சூடாமணி ஹம்சினி பேரைச் சொல்லிவிட்டால்? இருந்தாலும், பாதித் தாய்மார் பேர் சொல்வதில்லை, “இந்தப் பொண்ணுதான்” என்று கைதான் காட்டுகிறார்கள். இவளும் அப்படிக் காட்டிவிடுவாள் என்று தேற்றிக்கொண்டாள். இரண்டு நாளும் ஹம்சினியை அந்தக் கட்டில் பக்கம் அண்டவிடவில்லை. டெம்பரேச்சரா, நான் பார்க்கிறேன். குழந்தைக் குளியலா, நான் போகிறேன்.

“உனக்கு என்னடி ஆச்சு, எல்லா வேலையும் இழுத்துப் போட்டுண்டு செய்யறே?” என்று ஹம்சினி கேட்டாள். “உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

அக்கறையாம். டெல்பின் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் காலை ஐரின் சிஸ்டர் வந்தார். கையில் டெல்பினின் புத்தகம், கூட மற்றப் பெண்கள், அவர்களில் ஹம்சினி.

“உனக்குப் பிரசவம் பார்த்தது யாரும்மா?”

சூடாமணி முகமெல்லாம் சிரிப்பாக டெல்பினைக் கை காட்டினாள். டெல்பினுக்கு உயிர் வந்தது. அது வந்த வேகத்திலேயே போயிற்று, ஏனென்றால் மாமியார் சும்மா இருக்கவில்லை.

“நம்ம ஹம்சினிதான்! அதாங்காட்டியும் புள்ளைக்கே ஹம்சினின்னு பேரு வச்சுட்டோம்.”

சிஸ்டர் திறந்த பேனாவை மூடினார். ஹம்சினி ஒன்றும் புரியாமல் இவர்களையும் அவர்களையும் பார்த்தாள். ஆயாம்மா மட்டும் புரிந்த முகத்தோடு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இவங்க சொல்ற பேருக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்” என்றார் சிஸ்டர். “யார் புத்தகத்துல போடட்டும்? நீயே சொல்லு.”

டெல்பினின் காது மடல் சுட்டது. “என் பேர் டெல்பின்” என்றாள் சூடாமணியிடம். “ஹம்சினி அவ. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“இன்னாத்துக்கு?” என்றாள் சூடாமணி. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

“எல்லாரும் அவளையே கேக்கறாங்க” என்றாள் டெல்பின். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அது மட்டும் நடக்கவில்லை.

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி நேரே ஹம்சினியிடம் நீட்டினாள். “நீதான் நெஜமான கைராசியா? ஒரு தபா தொட்டுக் குடும்மா.”

ஹம்சினி கூசிப்போனாள். வேறு வழியில்லாமல் குழந்தையை வாங்கிக்கொண்டு, தொப்புளை விலக்கிப் பார்த்தாள். “கொடி எவ்வளவு நன்னாக் கட்டியிருக்கா பாருங்கோ மாமி. நேக்கு இப்படி வராது” என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். டெல்பினுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. கெட்டவளாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம்.

வெளியே தாழ்வாரத்தில் சிஸ்டர் அந்த முதல் நாள் தாளை எடுத்துக் காட்டினார். “தொடறதுக்கு முன்னால உன் பேரைச் சொல்லணும். ஏன்னு தெரியுமா? வலியில கிடக்கிறவ உன்னை நம்பித் தன்னையே குடுக்கிறா. யாருக்குக் குடுத்தோம்னு அவளுக்குத் தெரியணும்.”

“போகச் சொல்லிடுவீங்களா சிஸ்டர்?”

“வேலை நல்ல வேலை, அதனால இன்னொரு வாய்ப்பு. பத்தாம் நாள் செக்கப்புக்கு வருவாங்க. அதுவரைக்கும் தினமும் சைதாப்பேட்டைக்குப் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டிட்டு வா. அன்னைக்கு இதே கேள்வியைக் கேப்பேன். அவங்க வாயில உன் பேர் வந்தா கையெழுத்து. வரலைன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

மறுநாளிலிருந்து டெல்பின் பஸ் ஏறினாள். கோர்ட்டுக்குப் பின்னால், மார்க்கெட் இரைச்சல் வீட்டுக்குள் வரைக்கும் வரும் சந்து. வாசலில் நின்று, “நான் டெல்பின் வந்திருக்கேன்” என்பாள். உள்ளே போய்ச் சூடாமணியைத் தொடுமுன், “நான் டெல்பின்.” குழந்தையைத் தொடுமுன்கூட, “நான் டெல்பின்.” குழந்தை உடனே வீறிட்டு அழும். குளித்து முடிக்கும்வரை ஓயாது.

மாமியார் முதல் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. “பொய்க்காரி வந்துகினா பாரு” என்று சுவரிடம் சொன்னாள். மூன்றாம் நாள் சூடாமணிக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். டெல்பின் வெந்நீர்த் துணி வைத்து, பிதுக்கி எடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பால் இறங்க வைத்தாள். அன்று சுவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மறுநாள் தொப்புள் கொடி காய்ந்து சுத்தமாக உதிர்ந்தபோது, மாமியார் குனிந்து பார்த்துவிட்டு, “சுத்தமாத்தான் கீது” என்றாள். காபியும் வந்தது. ஆனால் டெல்பின் என்ற பெயர் மட்டும் அந்த வாயிலிருந்து வரவில்லை. “அது இன்னா பேரு, நாக்குல நிக்காத பேரு!”

ஹம்சினி, “நானும் ஒரு நாள் வரட்டுமாடி? என் பேர் வச்ச குழந்தையாச்சே” என்று கேட்டாள்.

“வேணாம்” என்று டெல்பின் போட்ட சத்தத்தில் விடுதிச் சமையல்காரி எட்டிப் பார்த்தாள்.

பத்தாம் நாள். புறநோயாளிப் பகுதி பெஞ்சில் சூடாமணியும் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் மடியில் குழந்தை வழக்கம்போல் அழுதுகொண்டிருந்தது. சிஸ்டர் புத்தகத்தை விரித்தார். டெல்பின் மார்பில் குத்திய கடிகாரத்தின் வினாடி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பிரசவம் பார்த்தது யாரும்மா?”

சூடாமணி வாயைத் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டாள். “டெல்பீனு. காலைல வந்து டெல்பீனு, தொட்டா டெல்பீனு, துண்ட எடுத்தா டெல்பீனு. இந்தப் புள்ள அம்மான்னு சொல்லக் கத்துக்கறதுக்கு முன்னாடி அந்தப் பேரத்தான் சொல்லப்போவுது.”

சிஸ்டர் சிரிக்கவில்லை, ஆனால் பேனா மூடி திறந்தது. இருபது. டெல்பினுக்கு நெஞ்சுக்கூட்டிலிருந்து ஒரு கல் இறங்கியது.

“குழந்தைக்குப் பேர் மாத்தியாச்சா?” என்றார் சிஸ்டர், குழந்தையின் செக்கப் அட்டையில் எழுதிக்கொண்டே.

“அத்த இன்னாத்துக்கு மாத்தணும்? ஹம்சினியே இருக்கட்டும். பேரு நல்லா கீது.”

டெல்பின் எட்டிப் பார்த்தாள். குழந்தை ஹம்சினி, பிரசவம் பார்த்தவர் டெல்பின். இரண்டு பெயரும் ஒரே வரியில் இருந்தன. ஹம்சினியின் பெயர்தான் முதலில்.

அந்த நேரம் பார்த்து மருந்துத் தட்டோடு வந்த ஹம்சினி, டெல்பின் காதருகே, “ஒரே ஒரு தடவை தூக்கிக்கட்டுமாடி?” என்றாள். அனுமதி கேட்டாள், அதுவும் இவளிடம். கையெழுத்து வாங்கிய தெம்பில் டெல்பினுக்குத் தாராளம் வந்துவிட்டது.

“தூக்கிக்கோ. ஆனா தொடறதுக்கு முன்னால பேரைச் சொல்லு.”

ஹம்சினி தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் குனிந்து, “நான் ஹம்சினி” என்று சொல்லிக் குழந்தையை வாங்கினாள்.

ஏழு நாளாக டெல்பின் கையில் ஒரு நிமிஷம் ஓயாத குழந்தை, சட்டென்று அழுகையை நிறுத்தியது. ஹம்சினியின் தோளில் கன்னத்தை வைத்து, ஒரு கொட்டாவி விட்டு, தூங்கிப்போயிற்று.

“பாத்தியா, கைராசி!” என்றாள் மாமியார்.

டெல்பின் கேஸ் புத்தகத்தை மூடி, அக்குளில் இறுக்கிக்கொண்டாள்.