கரண்ட் போன காணிக்கைப் பாட்டு

மொதல்லயே சொல்லிடறேன், அந்த பேஸ் கித்தார் என் காசு. ஊரான் வூட்டு ஜாக்கெட்டெல்லாம் தெச்சி, சீட்டு கட்டி எடுத்தது. கருணாபுரத்துல டெய்லர் தெரசான்னா தெரியாதவங்க கெடையாது. தையலுக்காவத் தெரியுமோ வாய்க்காவத் தெரியுமோ, அது வேற கத.

வாங்கினது என் மவன் ஜோஸ்வாவுக்கு. கோயில் பாட்டுக்குழுவுல பேஸ் வாசிக்க ஆள் இல்லன்னு கீபோர்டு வாசிக்கிற சாம் வந்து கேட்டான். சரி, பையன் கத்துக்கட்டுமேன்னு மெயின் ரோட்டுல செல்போன் கடைக்கு மேல நடக்குற மியூசிக் கிளாசுல சேர்த்துவுட்டேன். தொர மூணு வாரம் போனாரு. அதுக்கப்புறம், "நாலே கம்பிம்மா. தும்மு தும்முன்னுதான் வருது. கூட்டத்துல யாருக்கும் கேக்கவே கேக்காது. எனக்கு வேணாம்"னு போத்திக்கினு படுத்துட்டான்.

எனக்கு மூக்கு மேல கோவம். நேரா கிளாசுக்குப் போயி, கட்டின பீசத் திருப்பிக் குடுங்கன்னு நின்னேன். சொல்லிக் குடுக்குற மிஸ் பேரு தேவதர்ஷினி. எனக்கு ஒரு பொண்ணு இருந்தா அந்த வயசுதான் இருக்கும். திருவிழாக் கச்சேரிங்கள்ல பேஸ் வாசிக்கிறவ. "கட்டின பீசத் திருப்பித் தர்றது இல்லக்கா"ன்னா.

"அப்படியா? அப்ப அவன் எடத்துல நான் ஒக்காரறேன். எனக்குச் சொல்லிக் குடு."

சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு சிரிக்கல. ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு, "ஒக்காருங்க்கா. மொதல்ல கித்தார எப்படிப் புடிக்கிறதுன்னு பாக்கலாம்"னா. அவ்ளோதான், மாட்டிக்கினேன்.

ஐயய்ய, அது இன்னா லேசா? கம்பி ஒவ்வொண்ணும் தடி தடியா இருக்குது. ஆள்காட்டி வெரலும் நடு வெரலும் மாத்தி மாத்தி நடக்கணுமாம். எடது கை அமுக்கணும், அமுக்கினதச் சரியான நேரத்துல வுடணும். வுடலன்னா ஒரு சத்தம் மேல இன்னொண்ணு ஏறி நாறிப்போவும். பக்கத்துல கத்துக்கினு இருந்த பொடுசுங்க எல்லாம் என்னப் பார்த்து வாயப் பொத்திக்கினு சிரிக்கும். சிரிங்க, உங்க யூனிபார்ம் கிழிஞ்சா என்கிட்டதான வரணும்னு வுட்டுட்டேன். மிஸ் மட்டும் ஒண்ணத் திரும்பத் திரும்பச் சொல்லும்: "தப்பு வந்தா வரட்டும்க்கா, நின்னுடாதீங்க. பாட்டு உங்களுக்காவ நிக்காது. கை தடுமாறினாலும் காலு தாளம் போட்டுக்கினே இருக்கணும்." காலு எனக்குப் பிரச்சினையே இல்ல. கண்ணாலம் ஆனதுலருந்து தையல் மிஷின் மிதிச்ச காலு.

பிரச்சினை வூட்டுலதான். கித்தாருக்குச் சத்தம் குடுக்குற ஆம்ப் வாங்க வழியில்ல. ஆம்ப்புல மாட்டாத பேஸ் கித்தார் சுத்த ஊமை. அதுக்கும் மிஸ்தான் ஒரு வழி சொன்னா. கித்தாரோட தலைய மரக் கதவுல அழுத்திக்கினு, அதே கதவுல காத வெச்சி வாசிச்சா, கதவுக்குள்ளருந்து தும் தும்னு வரும். நெஜமாவே வந்திச்சி! கதவப் புடிச்சிக்கினு ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தேன், சோறு கொழஞ்சதுகூடத் தெரியல. அடுத்த வூட்டு ஜெயம்மாள் ஜன்னல் வழியா பாத்துட்டு தெரு பூராச் சொல்லிட்டா, "தெரசாவுக்குக் காத்து கருப்பு அடிச்சிடிச்சி. சத்தம் வராத கட்டையத் தடவிக்கினு கதவோட பேசிக்கினு இருக்கா"ன்னு. ஒல வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? பேசட்டும்னு வாசிச்சிக்கினே இருந்தேன்.

எரிச்சல் எங்க வந்திச்சின்னா எங்க வூட்டுக்காரர்கிட்ட. சேவியர்ராஜ், மினி லாரி ஓட்டறவரு, கோயில் கமிட்டியில வேற இருக்காரு. ஒரு ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி வந்து, "கித்தாரக் கோயில் குழுவுக்கே குடுத்துடறேன்னு சாமுக்கு வாக்குக் குடுத்துட்டேன்"னாரு. அவரு பின்னாலயே சாம் பல்லக் காட்டிக்கினு நிக்கிறான்.

"அக்கா, பேஸ் எல்லாம் ஆம்பளப் பசங்க வாசிக்கிறது. இந்த வயசுல உங்களுக்கு செட்டாவாது. நீங்க கோரஸ் பாடுங்க, போதும்."

வாக்குக் குடுத்தாராமே வாக்கு! கடத் தேங்காய எடுத்து வழிப் புள்ளையாருக்கு ஒடைக்கிற கத. கத்திரிக்கோலக் கீழ வெச்சிட்டு எழுந்தேன்.

"மலை மேல கரியாலூர் கோயில் திருவிழாவுக்கு நம்ம குழுதான பாடப் போவுது? காணிக்கைப் பாட்டுக்கு நான் பேஸ் வாசிக்கிறேன். ஒரு எடத்துல தப்பினாலும் கித்தார நானே தூக்கிக் குடுத்துடறேன். தப்பலன்னா, அதும் பக்கம் எவனும் கை நீட்டக் கூடாது. சம்மதமா?"

சாம் சிரிச்சிக்கினே தலையாட்டினான். கித்தார் வந்துட்ட மாதிரியே நெனப்பு அவனுக்கு.

மிஸ்கிட்ட ஓடினேன். அந்தப் பாட்ட வெச்சிக்கினு மிஸ் என்னப் பிழிஞ்சி எடுத்துட்டா. தப்பு வந்தாலும் நிக்காம கடைசி வரைக்கும், அப்புறம் மறுபடியும் மொதல்லருந்து. திருவிழா அன்னிக்கி அவளுக்கு சின்னசேலத்துல கச்சேரி, வர முடியாது. "கால வுட்டுடாதீங்க்கா"ன்னு போன்ல பேசி அனுப்பினதோட சரி.

கரியாலூர்ல கோயில் சின்னது. உள்ள எள்ளுப் போட எடமில்ல. என்ன ஓரமா, வாசகம் படிக்கிற மர மேசைக்குப் பக்கத்துல நிக்க வெச்சி, குழுவோட ஆம்ப்புல கித்தார மாட்டிவுட்டாங்க. மேசைக்கு அந்தப் பக்கம் எங்க குழுவோட மெயின் பாட்டுக்காரி அனிட்டா. காணிக்கைப் பாட்டு ஆரம்பிச்சிச்சி. மலைக்காரங்க சாமை அரிசி, தேனு, பலாப்பழம்னு தூக்கிக்கினு வரிசையா வராங்க. கை வேர்த்து கம்பி வழுக்குது. ஆனா தப்பல. மொத சரணம் தாண்டிட்டேன். ரெண்டாவது சரணம் பாதியில, வெளிய மழையும் காத்தும் சேர்ந்து அடிச்சிதே, டப்புன்னு கரண்ட் போச்சி.

மைக் செத்துப்போச்சி. கீபோர்டு செத்துப்போச்சி. என் பேஸ் ஊமையாப் போச்சி. சாம் கைய எடுத்துட்டு என்னப் பார்த்து, போதும்னு சைகை காட்றான். கீழருந்து எங்க வூட்டுக்காரர், "வுடு தெரசா, கரண்ட் இல்ல"ன்றாரு. ஆனா ஜனங்க நிறுத்தல. கை தட்டிக்கினு பாடறாங்க, காணிக்கை கொண்டாறவங்க நடந்துக்கினே இருக்காங்க. அவங்க நிக்கல, நான் மட்டும் ஏன் நிக்கணும்? போங்கடா, நீங்களும் உங்க கரண்ட்டும்! இவ்ளோ நாளா வூட்டுல நான் இன்னா கரண்ட்டுலயா வாசிச்சேன்?

கித்தார் தலைய அந்த மர மேசையில அழுத்தினேன். மேசை தும்முன்னு மொனகிச்சி. எனக்கும் அனிட்டாவுக்கும் மட்டும்தான் அது கேட்டிருக்கும். அவ திரும்பிப் பார்த்தா. ஒரு கைய மேசை மேல வெச்சிக்கினு, சுருதி எறங்காம தொண்டையத் தொறந்து பாடினா. ஜனங்க அவ பின்னாலயே பாடினாங்க. கோரஸ் பையன் ஒருத்தன், "ஆன்ட்டி, சத்தமே வரல"ன்னு இளிச்சான். உனக்கு வரலன்னா மூடிக்கினு நில்லுடான்னு மனசுக்குள்ள திட்டிக்கினே காலத் தட்டினேன்.

வெளிய யாரோ ஜெனரேட்டர் கயித்த இழுத்தாங்க. அது இருமி இருமி ஒரு வழியாப் புடிச்சிக்கிச்சி. லைட்டு எரிஞ்சிச்சி, பின்னால ஆம்ப் முழிச்சிக்கிச்சி. கடைசி சரணத்துல, ஜனங்க கை தட்டற அதே எடத்துல, என் பேஸ் தும்முன்னு எறங்கிச்சி பாருங்க, தரையே அதிர்ந்திச்சி! பலாப்பழம் தூக்கிக்கினு வந்த அம்மா நடந்தபடியே திரும்பி என்னப் பார்த்தாங்க. சாம் பட்டனத் தட்டிக்கினு இருக்கான். அவன் கீபோர்டு உசுரு வந்து, பாட்டத் தேடிப் புடிக்கிறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிப்போச்சி. எனக்கு அழுகையா வந்திச்சி, அவ்ளோ சந்தோசம்.

பூச முடிஞ்சி வேன்கிட்ட வந்தோம். சாம் நேரா என்கிட்ட வந்தான். "அக்கா, கரண்ட் போனப்ப நீங்க இன்னா வாசிச்சீங்கன்னு யாருக்குத் தெரியும்? அது கணக்குல சேராது."

அனிட்டா வாயத் தொறக்குறதுக்குள்ள நான் முந்திக்கினேன். "சேராதா? கரண்ட் வந்தப்ப பாட்டு எங்க இருந்திச்சோ அங்க நான் இருந்தேன். நீ எங்கப்பா இருந்த?"

சாம் கீபோர்டத் தூக்கி வேன்ல வெக்கப் போனான். எங்க வூட்டுக்காரர் தொண்டையச் செருமிக்கினு, "குடு, நான் தூக்கியாறேன்"னு கித்தார் பைக்குக் கை நீட்டினாரு.

"யோவ், எவனும் கை நீட்டக் கூடாதுன்னு சொன்னது உனக்கும் சேர்த்துதான்."

வேன்ல ஏறி ஜன்னல் சீட்டுல கித்தார ஒக்கார வெச்சி, பக்கத்துல நான் ஒக்காந்தேன். "கித்தாருக்கு ஒரு சீட்டா? ஆளுங்களுக்கே எடம் கம்மி"ன்னு சாம் மொனகினான்.

"கம்மின்னா நீ நடந்து வா"ன்னேன்.